ஒன்பதாம் கட்டம்: விமானத்தின் வகை

தன் தலைக்கு மேலே போவது இன்னதென்று அறிந்துவைத்திருப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்பதை எங்கள் தெரு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அறிந்துகொண்டது. அதற்கு முன் நாங்கள் அறியாமையில் மூழ்கிக் கிடந்தோம். விமானம் போனால் ‘விமானம் போகிறது’ என்போம். அத்துடன் பேச்சு நின்றுவிடும். அது போய்த் தொலையும்வரை வேறு பேச்சு எவர் காதிலும் விழாது.

இந்த ஞானத்தை எங்களுக்கு ஈட்டித் தந்தவர் கடிகாரக்காரர். கீழே கடையும் மேலே வீடுமாகத் தெருவின் நடுவே நிற்கும் ஒடுங்கிய கட்டடம் அவருடையது. ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் குழலை மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்தாரானால், இறந்துபோன கைக்கடிகாரமும் எழுந்து ஓடும். கடிகாரத்தின் உள்ளே தலைமயிரினும் மெல்லிய சுருள்வில் ஒன்று உண்டு. அதை இடுக்கியால் எடுத்து உரிய இடத்தில் அமர்த்துவதற்கு ஒரே ஒரு மூச்சு நேரம் மேசை ஆடாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மூச்சை அவருக்குத் தருவார் இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில், விமானங்கள் எழும்பிச் செல்லும் பாதையை எங்கள் தெருவுக்கு நேர்மேலாக மாற்றி அமைத்திருந்தார்கள். எட்டேகாலுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று, அப்புறம் ஓயாமல் ஒன்றன்பின் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மேசை நடுங்கும். சுருள்வில் துள்ளி ஓடும். கடிகாரக்காரர் தரையில் மண்டியிட்டுத் தேடுவார். வயிறு திறந்த கடிகாரங்கள் நாற்பத்தொன்று, தத்தம் உறுப்புகளுடன் கிண்ணங்களில் காத்துக் கிடந்தன. அவற்றுள் ஒன்று என்னுடையது.

இந்நிலை கண்டு வருந்தாத ஒரே மனிதர் அவருடைய மாப்பிள்ளை. கைப்பேசிகளுக்கு உறை விற்கும் தொழிலை மேற்கொண்டிருந்த அவர், அந்தக் கடைமீது நெடுநாளாக ஒரு கண் வைத்திருந்தார்.

“மாமா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கைப்பேசி உறை எவ்வளவு ஆடினாலும் உடையாது. உடையாம இருக்கறதுதான் அதுக்கு வேலையே. உங்க கடிகாரம் அப்படியா?”

கடிகாரக்காரருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “சரி மாப்பிள்ளை. இந்த வருஷக் கடைசி நாள் காலையில இந்த மேசை ஆடாம நின்னா கடை எனக்கு. ஆடினா சாவி உங்களுக்கு. திருப்திதானே?”

“நீங்க சொன்னா சரி மாமா” என்று மிகுந்த பணிவுடன் கூறிய மாப்பிள்ளை, போகும்போது கடையின் அகலத்தை நாடாவால் அளந்துகொண்டு போனார்.

இவ்வாறாகத்தான் கடிகாரக்காரர் வான்வழி ஓசைக் குறைதீர் அலுவலகத்தின் படியேறினார். முறையீடுகளைப் பரிசீலிக்கும் பிரிவு அலுவலரின் அறையில் சன்னல் ஒன்று இருந்திருக்கிறது. கோப்புகள் பெருகியதால் அதன்மேல் அலமாரியை நிறுத்திவிட்டார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். அதில் அங்கீகரிக்கப்பட்ட இருபத்து நான்கு விமானங்கள், எல்லாமே பக்கவாட்டுத் தோற்றத்தில், எல்லாமே இடப்புறம் மூக்கை நீட்டியபடி வரிசையாக நின்றன. அலுவலர் தம் பணிக்காலம் முழுவதும் விமானங்களோடு வாழ்ந்தவர். ஒன்றையேனும் பறக்கப் பார்த்தவர் அல்லர்.

அவர் படிவத்தை வாங்கி ஒன்பதாம் கட்டத்தில் விரலை வைத்தார்.

“விமானத்தின் வகைன்னு கேட்டிருக்கு. ‘பெரியது’ன்னு எழுதியிருக்கீங்க.”

“பெருசுதான் சார்.”

“பெருசுங்கறது உங்க அபிப்பிராயம். நான் கேக்கறது வகை. வகை தெரியாம எந்த விமானத்துமேல நான் நடவடிக்கை எடுக்கறது? வானத்துல போற எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வைக்க முடியுமா?”

துணைக்குச் சென்றிருந்த மகள் குறுக்கிட்டாள். “சார், போனை மேல காட்டினா அதுவே வகையைச் சொல்லிடுது. இதோ பாருங்க.”

“பார்த்தது யாரும்மா? அப்பாவா, போனா?”

“போன்தான் சார்.”

“அப்ப முறையீடு போன்தான் செய்யணும். போனுக்கு மேசை ஆடுதா?”

மணி அப்போது பதினொன்றரை. படிவம் திருப்பி அளிக்கப்பட்டது.

கடிகாரக்காரர் மனம் தளரவில்லை. நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைச் சுமந்து வந்தார். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். ஆனால் அவரை முந்திக்கொண்டு தேர்ச்சி பெற்றவர் அவருடைய மனைவி. துணி உலர்த்தப் போகும் அம்மையாருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

“என்னங்க, எட்டேகால் வண்டிக்குச் சக்கரத்தை மடக்கின பிறகும் மூடி இல்ல. வயித்துல ரெண்டு கறுப்பு வட்டம் தெரியுது பாருங்க. எட்டரைக்கு வர்றதுக்கு எஞ்சின் பின்பக்கமெல்லாம் ரம்பம் மாதிரி பல்லு. பத்து மணிக்காரருக்கு ஒரு காலுக்கு ஆறு சக்கரம். இதுக்குப் போய் புஸ்தகமா?”

தெரு விழித்துக்கொண்டது. காய்கறி வாங்கப் போனவர்கள் அண்ணாந்தபடி போய் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள், மோதியதற்கு வருத்தம் தெரிவிக்காமல், “எஞ்சின் எத்தனை?” என்று கேட்டுக்கொண்டார்கள். விசிறி சுழலும் எஞ்சின்காரருக்கு இறக்கை தோளின்மேல் இருக்கும் என்பதும், எஞ்சின்களை வாலருகே ஒட்டவைத்துக்கொண்டவருக்குக் குறுக்குவால் உச்சியில் ஏறிவிடும் என்பதும், முன்சன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை அடித்தவருக்குக் ‘கண்ணாடிக்காரர்’ என்று பெயர் என்பதும் பால் குடிக்கும் பருவத்தைக் கடந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அறிவு பெருகிய இடத்தில் நாகரிகமும் பெருகுவது இயல்பே. இறக்கை நுனி மேல்நோக்கி மடிந்திருப்பதைக் கண்ட தையல்காரர், சட்டைக் கழுத்துப்பட்டையின் நுனிகளை மேல்நோக்கி மடித்துத் தைத்தார். அவ்வாறு தைத்துக்கொள்ளாதவர்களைப் பழைய காலத்து ஆள் என்று பிள்ளைகளே கேலி செய்தார்கள். முடிதிருத்துபவர் பின்னந்தலையில் உச்சிவால் வெட்டு ஒன்றைப் புகுத்தினார். பெண் பார்க்க வந்த ஒரு வாலிபனிடம் பெண்ணின் தந்தை, “எஞ்சின் வால்ல இருந்தா இறக்கை எப்படி இருக்கும் தம்பி?” என்று கேட்க, அவன், “மேலயா கீழயா மாமா?” என்று விழிக்க, அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. சண்டைகளின் தரமும் உயர்ந்தது. “போய்யா, மடக்கின பிறகும் சக்கரம் வெளியே தெரியிற ஆளு நீ!” என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அவர் ஒரு வாரம் வெளியே தலைகாட்டமாட்டார்.

விமானத்தை அடையாளம் காண வாலே தலையாயது என்ற முடிதிருத்துபவர் அணியும், இறக்கையே முதன்மை என்ற தையல்காரர் அணியும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டன. நான் வால் அணி. அதில் எனக்கு இன்றளவும் வெட்கமில்லை.

இவ்வாறு தெருவே கரைகண்ட பிறகு, கடிகாரக்காரர் இரண்டாம் முறை படியேறினார். இப்போது ஒன்பதாம் கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாள் ஒட்டியிருந்தார். பிரிவு அலுவலர் ஒவ்வொரு வரியையும் படித்தார். முகத்தில் மதிப்பு மலர்ந்தது.

“ரொம்ப அருமை. இதெல்லாம் எங்கேருந்து பார்த்தீங்க?”

“மொட்டைமாடியிலேருந்து சார்.”

“அது எந்தப் பக்கமா போச்சு?”

“பக்கமெல்லாம் இல்ல சார். தலைக்கு நேர் மேல.”

அலுவலர் பேனாவை மூடினார். “அப்ப நீங்க பார்த்தது வயிறு.”

“ஆமா சார்.”

“நம்ம படத்துல வயிறு இல்லையே.”

கடிகாரக்காரர் சுவரைப் பார்த்தார். உண்மைதான். இருபத்து நான்கும் பக்கவாட்டிலேயே நின்றன.

“விமானத்துக்கு வயிறு உண்டு சார்.”

“இருக்கலாம். அங்கீகரிக்கப்படல. நீங்க பக்கவாட்டுல பார்த்துட்டு வாங்க, நான் உடனே ஒப்பிட்டு முடிச்சுத் தர்றேன்.”

“மேல போறதைப் பக்கவாட்டுல எப்படி சார் பார்க்கறது?”

இந்த நியாயமான கேள்வி அலுவலரைச் சிந்திக்க வைத்தது. அதன் விளைவாக, அவ்வலுவலகத்தின் வரலாற்றில் முதல் முறையாக, நேரடிக் கள ஆய்வு ஒன்றுக்கு ஆணை பிறந்தது.

மறுவாரம் காலை எட்டு மணிக்கு அலுவலர் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடியில் தோன்றினார். வால் அணியும் இறக்கை அணியும் அக்கம்பக்கத்து மாடிகளில் நிறைந்திருந்தன. அலுவலர் நிலைமையை ஆராய்ந்து, “விமானம் பக்கவாட்டுல வராதுன்னா, நாம பக்கவாட்டுல ஆகணும்” என்று அறிவித்தார். பழைய போர்வை ஒன்று விரிக்கப்பட்டது. அலுவலர் அதன்மேல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். கடிகாரக்காரர் படத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

எட்டேகால் ஆனது. முதலில் தண்ணீர்த் தொட்டி முனகியது. அப்புறம் அது வந்தது. அலுவலரின் மூக்குக்கண்ணாடி தானாகவே எழுந்து நடந்து சென்று சாக்கடைக் குழாயில் விழுந்தது. கடைக்குள் நாற்பத்தொரு கடிகாரங்களும் ஒரே குரலில் கலகலத்தன. அலுவலர் எப்போது எழுந்து கடிகாரக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்பதை எவரும் கவனிக்கவில்லை.

ஓசை அடங்கியதும் அவர் தம்மைப் பிரித்துக்கொண்டு, படத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் ஆராய்ந்து, தீர்ப்பை வழங்கினார்.

“இருபத்து நாலுல எதுவும் இது மாதிரி இல்ல. ஆகவே இப்ப போன விமானம் இல்ல.”

மாடிப்படியில் தேநீர்க் கோப்பைகளுடன் வந்த கடிகாரக்காரர் மனைவியின் கையில் தேநீர் முழுவதும் தட்டில்தான் இருந்தது. “இல்லாத விமானத்துக்கே இந்த ஆட்டமா சார்? நல்லவேளை. இருந்திருந்தா வீடே போயிருக்கும்.”

“விமானம் இல்லை என்பதற்குக் குடும்பத்தலைவியும் இசைவு தெரிவித்தார்” என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

குறித்துக்கொண்டவர் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. “அடுத்தது எப்பம்மா?” என்றார். எட்டரைக்கு என்றார்கள். எட்டரையும் போனது, ஒன்பதும் போனது. பத்து மணிக்காரர் ஆறு ஆறாகச் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டபோது, அலுவலர் சிறுபிள்ளைபோலக் கைகொட்டினார். நண்பகல்வரை இல்லாத விமானங்கள் பதினான்கைப் பார்த்துவிட்டு, நனைந்த கண்களுடன் அலுவலகம் திரும்பி, மேலிடத்துக்கு ஒரு பரிந்துரை எழுதினார்: குடிமக்கள் விமானங்களை அங்கீகரிக்கப்பட்ட தோற்றத்தில் காண்பதற்கு ஏதுவாக, அத்தெருவின் முனையில் ‘பக்கவாட்டுக் காட்சிக் கோபுரம்’ ஒன்று எழுப்பப்பட வேண்டும்.

அதே தெருவில் உடைந்த படிக்கட்டுக்காகப் பள்ளிக்கூடம் ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. கோபுரம் ஏழு வாரத்தில் எழுந்தது. முழுக்க இரும்பு, உச்சியில் நான்கு பேர் நிற்க ஒரு மேடை; படுத்தபடியே பூட்டி, கடைசி இரவில்தான் நிமிர்த்தினார்கள். திறப்பு நாளன்று அலுவலரும் கடிகாரக்காரரும் இருமிக்கொண்டே ஏறினார்கள். கடிகாரக்காரரின் சட்டைப்பையில் படிவம் இருந்தது. வகையைத் தவிர மற்ற அனைத்தும் நிரப்பப்பட்டிருந்தது. ஆண்டு முடிய இரண்டு மாதமே எஞ்சியிருந்தது.

எட்டேகால் விமானம் எழும்பி வந்தது. நேற்றுவரை வெறும் வானமாக இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கோபுரமும் அதன்மேல் கையசைக்கும் இருவரும் நிற்பதை விமானி கண்டிருக்க வேண்டும். விமானம் சடாரென மூக்கைத் தூக்கி, எதிர்ப்புறமாகச் சாய்ந்து, விலகித் திரும்பியது. அவ்வாறு திரும்புகையில் அது கோபுரத்துக்குக் காட்டியது எதை?

“மறுபடியும் வயிறு!” என்று அலறினார் அலுவலர்.

அன்று மாலையே விமான நிலையத்தினர் கோபுரத்தை ஒரு தடை என்று அறிவித்தார்கள். மறுநாள் முதல் விமானங்கள் யாவும் ஓடுபாதையின் மறுமுனை வழியாக, ஊருக்கு வெளியே வெட்டவெளிமேல் எழும்பிச் சென்றன. படிவத்தை வாங்காமலே குறை தீர்க்கப்பட்டுவிட்டது.

எங்கள் தெருவில் அமைதி இறங்கியது. கடிகாரக்காரர் மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தார். அதில் ஒரு வளையம்கூட எழவில்லை. மூன்று நாளில் ஒன்பது கடிகாரங்கள் உயிர்பெற்று வீடு திரும்பின. மாப்பிள்ளை அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் எட்டேகாலுக்குக் கடிகாரக்காரரின் கை தானாகவே இடுக்கியை உயர்த்திக்கொண்டு நின்றது. பத்து மாதப் பழக்கம். கை காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. வரவில்லையா என்று உறுதிசெய்துகொள்ள அவர் மாடிக்குப் போனார். அங்கே எல்லா மாடிகளிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் உறுதிசெய்துகொள்ளவே வந்திருந்தார்கள்.

பின்வந்த நாட்கள் கொடுமையானவை. மடிப்பு நுனிக் கழுத்துப்பட்டைகள் கஞ்சி இழந்து தொங்கின. முடிதிருத்துபவரும் தையல்காரரும் சண்டையிடக் காரணமின்றிச் சமாதானமாகிவிட்டார்கள். அது அதைவிடக் கொடுமை. முடிதிருத்துபவர் தம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கடிகாரக்காரர் காலையில் கோபுரத்தில் ஏறினால் நண்பகலில்தான் இறங்கினார். கிண்ணங்களில் முப்பத்திரண்டு கடிகாரங்கள் அப்படியே கிடந்தன.

“சத்தம் வருதுன்னு அழுதீங்க. இப்ப வரலன்னு அழறீங்க” என்றார் அவர் மனைவி. “அடுத்து எதுக்கு அழப்போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டா, நான் துணி உலர்த்தற நேரத்தை மாத்திக்குவேன்.” இப்படிச் சொல்லிவிட்டு அவரும் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் முறையாகக் கடிகாரக்காரர் படியேறியபோது, அவர் கையில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட முறையீடு இருந்தது: ‘விமானங்கள் வராமை குறித்து.’ முதல் கையெழுத்து மாப்பிள்ளையுடையது. “மாமாவோட ஆசைக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன்” என்று அவர் சொந்தப் பேனாவிலேயே போட்டார். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அலுவலர் படிவத்தை வாங்கினார். அவர் மெலிந்திருந்தார். ஒன்பதாம் கட்டத்தில் விரலை வைத்துப் படித்தார். ‘எட்டேகாலுக்கு வராதது: இரண்டு எஞ்சின், வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டம். எட்டரைக்கு வராதது: எஞ்சின் பின்விளிம்பில் ரம்பப் பற்கள். பத்து மணிக்கு வராதது: காலுக்கு ஆறு சக்கரம்.’

“பக்கவாட்டுல பார்த்தீங்களா?”

“கோபுரத்துல ஏறி நின்னு, பக்கவாட்டுலயேதான் சார் பார்த்தேன். இடது பக்கமும் வரல, வலது பக்கமும் வரல.”

“வயிறு ஏதாவது தெரிஞ்சதா?”

“துளிகூடத் தெரியல சார்.”

அலுவலர் எழுந்து நின்று கைகுலுக்கினார். “என் பணிக்காலத்துல ஒரு குறையும் இல்லாம வந்த முதல் படிவம் இதுதான் ஐயா. இருபத்து நாலு படத்தோடயும் ஒப்பிட்டுட்டேன். வராத விமானத்துல எதுவும் எதோடயும் முரண்படல.”

முறையீடு அன்றே ஏற்கப்பட்டது. கோபுரத்தைப் பிரித்தெடுக்கப் படிவம் இல்லாமையால், ‘சாய்த்து வைக்கலாம்’ என்று முடிவாயிற்று. ஆகவே அது இன்றும் எங்கள் தெருவோரத்தில் முடிதிருத்தகம் முதல் கடிகாரக் கடைவரை பக்கவாட்டில் படுத்திருக்கிறது. விமானங்களைப் பழைய பாதைக்குத் திருப்பும் நாளாக ஆண்டின் கடைசி நாள் குறிக்கப்பட்டது. அந்த நாளில் வேறொன்றும் உண்டு என்பது கடிகாரக்காரரின் மனைவிக்கு நினைவிருந்தது.

“அன்னிக்கு மட்டும் வேண்டாம்னு எழுதிக் கொடுங்களேன். ஒரே ஒரு நாள்.”

“எப்படிம்மா? ஊரே காத்திட்டிருக்கு.”

அன்று காலை அவர் குழலை மாட்டிக்கொண்டு மேசைமுன் அமர்ந்தார். இடுக்கியில் சுருள்வில் ஒன்று. என் கடிகாரத்தினுடையது அது. கடை வாசலில் மாப்பிள்ளை மரியாதையாகக் கைகட்டி நின்றார். தண்ணீர்த் தொட்டி முனகியது. மேசை ஆடியது. சுருள்வில் துள்ளிப் போயிற்று. கடிகாரக்காரர் தரையில் மண்டியிடவில்லை. கண்ணில் குழலுடனேயே தெருவுக்குப் பாய்ந்தார்.

“ரெண்டு வட்டம்! பார்த்தீங்களா, ரெண்டு வட்டம்!”

தெரு ஆர்ப்பரித்தது. அலுவலர் சாய்ந்த கோபுரத்தின்மேல் ஏறிக் குதித்தார். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கடிகாரக்காரர் சட்டைப்பையைத் துழாவி, அருகில் நீண்டிருந்த ஒரு கையில் சாவியை வைத்தார்.

இப்போது அங்கே உறைகள் விற்கிறார்கள். வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டம் போட்ட உறைதான் இவ்வாண்டின் நாகரிகம். என் கடிகாரத்தைக் கேட்டு நான் போயிருந்தேன். மாப்பிள்ளை கிண்ணத்தோடு எடுத்துக் கொடுத்து, “கைக்கடிகாரத்துக்கும் உறை வந்திருக்கு ஐயா. ஓடலன்னா என்ன, உடையாது” என்றார். வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பிய ஒன்பதும் ஆடி ஆடி நின்றுவிட்டன. எங்கள் தெருவில் ஓடும் கடிகாரம் ஒன்றுகூட இல்லை, குறையொன்றும் தெரியவில்லை. இரண்டு வட்டம் தலைக்கு மேல் போனால் எட்டேகால். சென்ற வாரம் அது வருவதற்கு நெடுநேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று எவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறக்கவில்லை, அலுவலர் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கோபுரத்தின்மேல் அமர்ந்திருந்தார், நாங்கள் அனைவரும் அண்ணாந்து நின்றோம். வெயில் உச்சிக்கு வந்த வேளையில் அது வந்தது. அலுவலர் எட்டேகால் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாங்கள் வேலைக்குப் போனோம்.